வானத்தில் இருப்பதோ ஆறு சென்டிமீட்டர்

மற்ற ஊர்களில் மழையை மில்லிமீட்டரில் சொல்வார்கள். இங்கே, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், மீட்டரில் சொன்னாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் தெனீஸ் புயல் வந்தபோது, எரிமலைப் பக்கம் ஃபோக் ஃபோக் என்கிற மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் ஒருநாள் மழைக்கான உலக சாதனை இன்றைக்கும் அதுதான். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுதான். அதைவிட அதிகம் இங்கே ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. ஆள் உயரத் தண்ணீர்.

இந்த எண்ணைத் தீவில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது இன்னொரு எண். நம் தலைக்கு மேலே, தரையிலிருந்து காற்று மண்டலத்தின் உச்சி வரைக்கும் இருக்கும் நீராவி முழுவதையும் பிழிந்து காலடியில் ஊற்றினால் எவ்வளவு ஆழம் நிற்கும்? உலகம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் 25 மில்லிமீட்டர். எங்கள் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில் 45, 50 வரும். புயல் சூழ்ந்த நாளில் 60, மிஞ்சிப்போனால் 70. வானத்தில் இருப்பதே ஆறேழு சென்டிமீட்டர் தண்ணீர்தான் என்றால், அதிலிருந்து 182 சென்டிமீட்டர் எப்படி விழும்?

நான் காரைக்காலிலிருந்து வந்து, தீவின் கிழக்கே சேன் ஆந்த்ரேயில் குடியிருப்பவன். வானிலை என் தொழில் இல்லை, கணக்கு எழுதுவதுதான் தொழில். கையிருப்பு 60 ரூபாய், செலவு 1,825 ரூபாய் என்று யாராவது பேரேட்டைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கேட்பது, “வரவு எங்கே?” என்றுதான். மழையிடமும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வரவு கிழக்கேயிருந்து வருகிறது. எங்கள் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் மொரீஷியஸும் ரொட்ரீகஸும் போன்ற சில புள்ளிகளை விட்டால் ஆஸ்திரேலியா வரை வெறும் கடல். வருடத்தின் பெரும்பகுதி அந்தக் கடல்மேல் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசிக்கொண்டிருக்கும். நம் பூகோளப் புத்தகத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதேதான். இங்கே அலிஸே என்பார்கள். வெதுவெதுப்பான கடலைத் தொட்டுக்கொண்டே வரும் அந்தக் காற்று, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடல் கொதிக்க வேண்டியதில்லை. மேற்பரப்பில் துள்ளிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளில் வேகமானவை பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. அப்படியே விட்டால் கடலை ஒட்டிய காற்று ஈரத்தால் நிரம்பி, போகிற அளவே திரும்பியும் வந்துவிடும். வீசுகிற காற்று அந்த ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போய், உலர்ந்த காற்றைக் கொண்டுவந்து வைக்கிறது. கொடியில் போட்ட துணி காற்றடித்தால் சீக்கிரம் காய்வதும் இதனால்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம், மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் மொண்டுகொண்டு வரும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொள்வது காற்று. தண்ணீர் ஏறி, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, எங்கேயோ மேலே தூக்கப்பட்ட பிறகுதான் மேகம் என்று ஒன்று பிறக்கிறது. அதுவரை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சரக்கு.

கண்ணுக்குத் தெரியாது என்பதால் எவ்வளவு என்பதும் நமக்கு உறைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 19 கிராம் நீராவி இருக்கும். கணக்கு எளிதாக இருக்க 20 என்று வைத்துக்கொள்வோம். கிழக்குப் பார்த்த ஒரு சதுர மீட்டர் ஜன்னல். காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகம், அதாவது கொஞ்சம் பலமான அலிஸே. அந்த ஜன்னல் வழியாக நொடிக்கு 200 கிராம் தண்ணீர் போகிறது. ஒரு மணி நேரத்தில் 720 கிலோ. ஒரே ஒரு ஜன்னல் வழியாக! வெயில் அடிக்கும் நல்ல நாளில், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லாத நேரத்தில்கூட, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு லாரித் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கையை நீட்டினால் ஒரு சொட்டும் ஒட்டாது.

இந்த நீராவிக்குள் இன்னொன்றும் ஒளிந்துகொண்டு வருகிறது: வெப்பம். 27 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, அதே லிட்டரை ஆவியாக்கத் தேவை. கடலிடமிருந்து வாங்கிய இந்த வெப்பத்தை நீராவி செலவழிக்காமல் சுமந்து வருகிறது. திரும்பத் தண்ணீராகும்போதுதான் அத்தனையையும் கொட்டும். புயலைப் பற்றிப் பேசும்போது இதைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, சரக்கு வாசல் வரை வந்துவிட்டது. இறக்குவது யார்? மலை.

இந்தத் தீவே கடலுக்குள்ளிருந்து எழும்பிய இரண்டு எரிமலைகள்தான். அணைந்துபோன பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர். இன்னும் அடிக்கடி வெடிக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தீவின் அகலம் அதிகம் போனால் 70 கிலோமீட்டர். அதற்குள் இவ்வளவு உயரம் என்றால் சரிவு எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலோரம் வரும் காற்றுக்கு ஏறுவதைத் தவிர அதிகம் வழியில்லை.

ஏறினால் காற்று குளிர்கிறது. மேலே குளிராக இருப்பதால் குளிர்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். நடப்பது வேறு. மேலே போகப் போக அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது. விரிவதற்குச் சுற்றியிருக்கும் காற்றைத் தள்ள வேண்டும், தள்ளுவது வேலை, வேலைக்கான ஆற்றலைத் தன் சொந்த வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து யாரும் குளிர்விக்காமலே, 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் இறங்கிவிடும். குளிர்ந்த காற்றில் நீராவிக்கு இடம் குறைவு. 27 டிகிரியில் ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் 25, 26 கிராம் நீராவி நிற்கும் என்றால், 10 டிகிரியில் 9 கிராம்தான் நிற்கும். மிச்சம் வெளியே வந்தாக வேண்டும்.

எந்த உயரத்தில் வெளியே வரும் என்பதைக்கூட வீட்டிலிருந்தே கணிக்கலாம். கடலோரத்தில் வெப்பம் 27, பனிப்படும் வெப்பநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 22 என்றால் வித்தியாசம் 5. ஒரு டிகிரிக்குச் சுமார் 125 மீட்டர். 625 மீட்டரில் மேகத்தின் அடி தொடங்கும். எங்கள் வீட்டு மாடியிலிருந்து மலையைப் பார்த்தால் மேகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் அடி வெட்டுப்பட்டு நிற்பது தெரியும். அந்த மட்டத்துக்குக் கீழேயும் நீராவி இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் இடம் அது, அவ்வளவுதான்.

அந்த மட்டத்துக்குள் நுழைந்து பார்ப்பது இங்கே சுலபம். சேன் பெனுவாவிலிருந்து பிளேன் தே பல்மிஸ்துக்கு ஏறும் சாலையில் காரில் போனால் சில வளைவுகளிலேயே மேகத்துக்குள் போய்விடலாம். ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றால், மழை பெய்யாது. ஆனால் கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு இழை நுனியிலும் வெள்ளையாக ஏதோ பூத்துக்கொண்டு வரும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தால் எல்லாம் தண்ணீர்த் துளிகள். மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 20 மைக்ரான். 50 துளிகளை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர். இழையில் நமக்குத் தெரிவது ஆயிரக்கணக்கானவை மோதி ஒன்றாகச் சேர்ந்தது. சாலையோரத்தில் ஃபான்ஜான் என்று மரம்போல் வளரும் பெரணிகள் உண்டு. அவற்றின் இலைகளும் இதே வேலையைச் செய்யும். சாலை நடுவில் தரை வெறும் ஈரம். பெரணிக்கு அடியில் போய் நின்றால் தலையில் சொட்டுச் சொட்டாக விழும். மழைமானி வைத்தால் பூச்சியம் காட்டும், செடிக்கடியில் சேறு.

துளி உருவாக நீராவி மட்டும் போதாது, உட்கார ஓர் இடம் வேண்டும். ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் எய்ட்கன் 1880களில் இதைக் குடுவைக்குள் காட்டினார். தூசி வடிகட்டிய சுத்தமான காற்றில் மூடுபனி வரவில்லை, சாதாரணக் காற்றை விட்டதும் வந்துவிட்டது. ஒரு துகளும் இல்லாத காற்றில் நீராவி தானாகவே துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் பல நூறு சதவீதத்துக்குப் போக வேண்டும். இயற்கையில் அது நூறைத் தாண்டி ஒரு சதவீதம் போவதே அபூர்வம். எங்கள் பக்கத்து மேகத்துக்குத் துகள் பஞ்சம் கிடையாது. அலை உடையும்போது கிளம்பும் குமிழிகள் வெடித்து உப்பைக் காற்றில் தூவிக்கொண்டே இருக்கின்றன. கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த உப்பு கதவுத் துருவாக நன்றாகத் தெரியும்.

மேகத்துளி மழைத்துளி ஆவதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். 20 மைக்ரான் துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் விழும். லேசாக மேலெழும் காற்று போதும், அது தரைக்கே வராது. நல்ல மழைத்துளியாகத் தரைக்கு வர வேண்டுமானால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பெருக்க வேண்டும். குறுக்களவு நூறு மடங்கு, ஆகவே கனஅளவு பத்து லட்சம் மடங்கு. ஒரு மழைத்துளி என்பது பத்து லட்சம் மேகத்துளி. நீராவி படிந்து படிந்தே இவ்வளவு பெரிதாக வேண்டுமென்றால் நாள் முழுக்க ஆனாலும் முடியாது. மேகமோ அரை மணி நேரத்தில் மழையைக் கொடுத்துவிடுகிறது.

பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விடை பனிக்கட்டி. உயரத்தில் உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும் துளிகள், அவற்றுக்கு நடுவே சில பனிப்படிகங்கள். படிகத்தின் மேல் நீராவி சீக்கிரம் படியும்; சுற்றியிருக்கும் துளிகள் ஆவியாகிப் படிகத்துக்கே தீனியாகும்; பெருத்த படிகம் விழும் வழியில் உருகி மழையாகும். வானிலை விஞ்ஞானி வெகெனர் 1911இல் யோசித்து, பெர்கெரோனும் ஃபின்டைசனும் 1930களில் வளர்த்த கருத்து. குளிர்நாட்டு மழைக்கு இது மிகச் சரி. ஆனால் எங்கள் ஜூலை மாத மேகத்தின் உச்சி இரண்டு, இரண்டரை கிலோமீட்டரோடு முடிந்துவிடும். உறைநிலையோ நான்கு கிலோமீட்டருக்கும் மேலே. அந்த மழையில் ஒரு துணுக்குப் பனிகூடக் கிடையாது. எல்லா மழையும் உருகிய பனி என்று நினைக்க வைத்த பாடப்புத்தகங்கள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெப்பமண்டல மேகம் செய்வது நேரடியான வேலை. எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இல்லை. ஒரு பெரிய உப்புத் துகளில் உட்கார்ந்த துளி தொடக்கத்திலேயே மற்றவற்றைவிடப் பெரிது. பெரிது என்பதால் வேகமாக விழும், விழும் வழியில் சின்னவற்றில் மோதிச் சேர்த்துக்கொள்ளும், இன்னும் பெருக்கும், இன்னும் வேகமாகும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. இரண்டு மில்லிமீட்டர் ஆனதும் வேகம் நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் போனால் எதிர்க்காற்று அதைத் தட்டையாக்கிக் கிழித்துவிடும். படங்களில் வரைகிற கூர்வால் துளி எங்கேயும் கிடையாது; பெரிய துளி அடியில் தட்டையாக, மேலே வளைந்து, இட்லி வாக்கில் இருக்கும்.

இப்போது கையிருப்புக் கணக்குக்குத் திரும்பலாம். நல்ல அடர்த்தியான மேகத்தில்கூட ஒரு கன மீட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம் தண்ணீர்தான் துளியாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள மேகம், கன மீட்டருக்கு அரை கிராம் என்றால், அதில் இருப்பது முழுவதையும் இறக்கினாலும் தரையில் அரை மில்லிமீட்டர் மழை! மேகம் என்பது கிட்டத்தட்ட வெறும் பை. பிறகு எப்படி மணிக்கணக்கில் பெய்கிறது? புது ஈரம் வந்துகொண்டே இருப்பதால். காலை பத்து மணிக்கு மலைமேல் உட்கார்ந்த மேகம் மாலை வரை அதே இடத்தில் அசையாமல் இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கிழக்கு ஓரத்தில் நீராவி துளியாகிறது, மலையேறும் வழியில் மழையாக இறங்குகிறது, மறுபக்கத்தில் மிச்சத் துளிகள் ஆவியாகி மறைகின்றன. நாம் பார்க்கும் மேகத்தில் பத்து நிமிடத்துக்கு முன்னிருந்த துளி ஒன்றுகூட இப்போது இருக்காது. எங்கள் மழையின் அளவு இந்த வரவைப் பொறுத்தது. மலை அந்த வரவை இடைமறித்துக்கொண்டே நிற்பதால்தான் கிழக்குச் சரிவில், சேந்த் ரோஸின் மேட்டில், வருடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் மழை.

அங்கே வருடத்துக்கு 10 மீட்டர் என்றால் மேற்கே? அண்ணன் குடும்பம் சேன் ஜில் பக்கம் இருக்கிறது. அங்கே வருடத்துக்கு 500, 600 மில்லிமீட்டர். இராமநாதபுரத்தைவிடக் குறைவு. போன வருடம் ஒருநாள் அண்ணி போனில் கேட்டார்.

“அங்க மழையா தம்பி?”

“நேத்து ராத்திரி பிடிச்சது, இன்னும் விடல அண்ணி.”

“இங்க கத்திரிச்செடி எல்லாம் கருகுது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாதா?”

“மலை விட்டாத்தானே!”

மலை விடாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஏறிய காற்று தன் தண்ணீரை இந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி, சுருங்கி, 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகிறது. ஏறும்போது துளியாக மாறிய நீராவி தன் வெப்பத்தைக் கொட்டியதால் அது அவ்வளவு குளிர்ந்திருக்காது. இறங்கும்போது முழு வீதத்தில் சூடாகும். புறப்பட்டதைவிடச் சூடாகவும் உலர்ந்தும் கீழே வந்து சேர்கிறது. இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. அலிஸேக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, கீழுள்ள காற்றைவிட வெதுவெதுப்பான ஓர் அடுக்கு. ஈரக்காற்று அதைத் துளைத்துக்கொண்டு போக முடிவதில்லை. 3,000 மீட்டர் மலையைத் தாண்ட முடியாத காற்று இரண்டாகப் பிரிந்து, தீவின் வடக்கையும் தெற்கையும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. மேற்குக் கரை அந்த இரண்டு நீரோட்டங்களுக்கும் நடுவே நிழலில் கிடக்கிறது. மாயிதோவில் 2,200 மீட்டர் உயரத்தில் விடியற்காலையில் போய் நின்றால் மேலே நீலம், கீழே மஃபாத் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். பத்து மணிக்குப் போனால் வெயிலில் சூடான சரிவுக்காற்று மேகத்தை ஏற்றிவிட்டிருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சுற்றுலா வரும் சொந்தக்காரர்களுக்கு நான் தரும் ஒரே அறிவுரை, காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள்.

அண்ணி கேட்டதை அரசாங்கம் செய்துதான் பார்த்தது. கிழக்கில் வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீரை மேற்குக்குக் கொண்டுபோக, 1989இல் மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். சலாஸி, மஃபாத் பள்ளத்தாக்குகளில் பிடித்த தண்ணீரைப் பாறைக்குள்ளேயே ஓடவிட்டு மேற்குக் கரும்புக் காட்டுக்குச் சேர்ப்பது திட்டம். இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. குடையும்போது பாறைக்குள்ளிருந்தே வெள்ளம் பாய்ந்து வேலை நின்றதும் உண்டு. செலவைப் பற்றி இங்கே பல சண்டைகள். என்னைக் கேட்டால் காசு வீணில்லை. இதில் எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் வேறு: வருடத்துக்கு மீட்டர் கணக்கில் மழை வாங்கும் எங்கள் பக்கத்தில், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் குழாயில் வருவது செம்மண் கரைசல். குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வரும். முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கடையில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வருவோம்.

கரும்புக்காகத்தான் நம்மவர்களும் இங்கே வந்தார்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பங்கு இந்த ஈரமான கிழக்கில் தங்கியது. சேன் ஆந்த்ரேயில் இன்றைக்கும் கரும்பு, கோயில் இரண்டும் அடுத்தடுத்து. பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சு தீவின் கலப்பு மொழியான கிரியோலில்தான், தமிழ் மந்திரத்திலும் பெயரிலும் நிற்கிறது. தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், புயல் பருவத்தின் நட்ட நடுவில். பூக்கட்டிய காவடி நனைந்து இரண்டு மடங்கு கனக்கும். காவடி எடுக்கும் என் கிரியோல் நண்பர் முருகனிடம் வேண்டுவதற்கு முன்னால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுவார். அவர் பக்தியில் குறை சொல்ல முடியாது.

புயல் வந்தால் கணக்கே மாறிவிடும். அலிஸேயின் மூடி அன்றைக்கு இல்லை. கடல்மட்டத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரை எல்லாம் ஈரம். நீராவி துளியாகும்போது கொட்டும் வெப்பம் காற்றை லேசாக்கி மேலே தூக்குகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, குறைந்த இடத்துக்கு இன்னும் ஈரக்காற்று பாய்கிறது. கடலிடம் வாங்கிய கடனை வானத்தில் அடைத்து, அதே பணத்தில் மறுபடி கடன் வாங்கும் ஏற்பாடு. காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அந்த ஜன்னல் கணக்கும் மூன்று மடங்கு: மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல். அதை மலையில் கொண்டுபோய் மோத வேண்டும். அதற்கு மேல் இன்னொரு வித்தையும் உண்டு. மேலே உயர்ந்த மேகத்திலிருந்து விழும் பெரிய துளிகள், மலையை ஒட்டி நிற்கும் தாழ்ந்த மேகத்துக்குள் புகுந்து வரும்போது அதன் சின்னத் துளிகளை வாரிக்கொண்டு வருகின்றன. மேல்மேகம் விதைக்கிறது, கீழ்மேகம் தீனி போடுகிறது. ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரமும் சராசரியாக மணிக்கு 76 மில்லிமீட்டர் பெய்தது இப்படித்தான்.

ஃபோக் ஃபோக்கும், அதற்குப் பக்கத்தில் கொமர்சோன் எரிமலைவாயும் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சாதாரண நாளில் மேகத்தின் மூடிக்கு மேலே தலைநீட்டும் உயரம். அந்த மேட்டுநிலத்தில் எரிமலைச் சரளைக்கு நடுவே நடந்தால் பாலைவனத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும். வருட சராசரியில் முதலிடம் அதற்குக் கீழே, நடுச் சரிவுக்கு. மூடி திறக்கும் நாளில் மட்டும் சாதனை மேலே போய்விடுகிறது.

2007 பிப்ரவரியில் வந்த கமேத் புயலின் கண் தீவைத் தொடவே இல்லை. 200 கிலோமீட்டருக்கு அப்பால் வடமேற்கே போய், அங்கேயே தயங்கி நின்றது. கொமர்சோனில் 24 முதல் 26 வரை மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர். நான்காவது நாளையும் சேர்த்தால் 4,936. இரண்டும் உலக சாதனைகள். நேராக மோதியிருந்தால் காற்று வீட்டுக்கூரைகளைப் பிடுங்கியிருக்கும், ஆனால் ஒரு நாளில் கடந்து போயிருக்கும். தள்ளி நின்றதால் ஈரக்காற்று நான்கு நாள் ஒரே திசையில் மலையில் மோதிக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளத்தில் சேன் எத்தியேன் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது. இங்கே ஆறு என்றால் முப்பது நாற்பது கிலோமீட்டரில் மலையுச்சியிலிருந்து கடலுக்கு இறங்கிவிடும். காலையில் மேலே விழுந்த மழை மதியம் பாலத்தை முட்டும். சலாஸியிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கமாக இறங்கும் ரிவியேர் துய் மாவின் வாயில் புயலுக்கு மறுநாள் போய்ப் பார்த்தால், கடல் வெகுதூரம் வரை காப்பி நிறத்தில் இருக்கும்.

இப்போதெல்லாம் அபாயத்துக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேலே ஊதா. ஊதா என்றால் மருத்துவர், தீயணைப்பு வண்டி உட்பட யாரும் தெருவில் இறங்கக் கூடாது. 2024 ஜனவரியில் பெலாலுக்கும், 2025 பிப்ரவரியில் கராஞ்சுக்கும் அதை அறிவித்தார்கள். தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் புயல்களைக் கண்காணித்து எச்சரிக்கும் மையம் சேன் தெனியில்தான் இருக்கிறது என்பதால், இங்கே கடைக்காரர்கூடப் புயலின் மைய அழுத்தத்தைப் பற்றி எதிர்வாதம் செய்வார். கடல் சூடாகச் சூடாக இந்தப் பேச்சு கூடத்தான் செய்யும். ஒரு டிகிரி கூடினால் காற்றில் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவி நிற்கும். ஜன்னலில் போகும் 720 கிலோ அன்றைக்கு 770 ஆகும்.

சாதனை என்றால் எங்கள் ஆட்கள் சிரபுஞ்சியோடு மல்லுக்கு நிற்பார்கள். 48 மணி நேர சாதனை முன்பு இங்கேதான் இருந்தது, 1958இல் ஓரேர் கிராமத்தில் 2,467 மில்லிமீட்டர். 1995 ஜூன் 15, 16 தேதிகளில் சிரபுஞ்சியில் 2,493 பெய்து, அது கைமாறிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் வரவின் கதை அப்படியே அதில் இருக்கிறது. அரை நாள், ஒரு நாள், மூன்று நாள், நான்கு நாள் எல்லாம் ரீயூனியன். 1980 ஜனவரியில் தீவைச் சுற்றிச் சுற்றி வந்த ஹயசிந்த் புயலால் 15 நாள் சாதனையும் எங்களுக்கே, 6,083 மில்லிமீட்டர். அதற்கு மேல் மாதக்கணக்கு என்று வந்தால் சிரபுஞ்சியை யாரும் நெருங்க முடியாது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 12 மாதத்தில் அங்கே 26,461 மில்லிமீட்டர். புயல் கொண்டுவரும் ஈரம் சில நாளில் தீர்ந்துவிடும், பருவக்காற்று மாதக்கணக்கில் கொண்டுவந்துகொண்டே இருக்கும். மொரீஷியஸ் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், அதே கடல், அதே அலிஸே, அதே புயல்கள். ஆனால் அங்கே உயரமான மலையே 828 மீட்டர்தான். இந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.